சொந்த ஊரில் பார்க்காத திருகோணமலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூர் ஆட்களுக்கான பயணக் குறிப்புகள் திருகோணமலையைப் பற்றி வேண்டிய அளவு உண்டு. இது அவர்களுக்கல்ல. கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி என்று மூன்றோடு சுற்றி முடித்துவிட்டு, "எங்கட ஊரில வேற என்ன இருக்கு?" என்று கேட்கும் ஊர்க்காரர்களுக்கு. சொந்தக்காரர், கூட வேலை செய்பவர்கள், லீவுக்கு வரும் பிள்ளைகள் என்று ஆளுக்காள் அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். கடைகளின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. காரணம் கீழே வரும்.

இங்கேயே பிறந்து வளர்ந்தனான். எனக்குத் தெரியாத இடம் என்ன இருக்கப் போகுது?

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. வடக்கே புல்மோட்டை, தெற்கே வெருகல், மேற்கே கந்தளாயும் மொறவெவவும். இதில் எத்தனை பிரிவில் நீங்கள் ஒரு நேரச் சாப்பாடாவது சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். டவுனில் இருக்கும் பலருக்கு எண்ணிக்கை மூன்றைத் தாண்டாது.

இதில் சோம்பல் மட்டும் காரணமில்லை. 2009 ஒக்டோபர் வரை கிண்ணியாவுக்குப் பாலம் கிடையாது, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் கடக்க வேண்டும். மூதூருக்கு லாஞ்சில் போனோம். அதற்கும் அப்பால் வெருகல் வரை ஒவ்வொரு ஆற்றிலும் ஒரு பாதை. இதற்கு மேல் போர், சோதனைச் சாவடி, அடையாள அட்டை. வடக்கே திரியாய்ப் பக்கம் ஊரே பெயர்ந்து போயிருந்தது. அந்தக் காலத்தில் வளர்ந்த ஒருவருக்குக் கொழும்புக்குப் போவது வெருகலுக்குப் போவதை விடச் சுலபம். அப்படிப் போக முடியாமல் இருந்த இடங்கள், வீதி திறந்த பிறகும் போகாத இடங்களாகவே நின்றுவிட்டன. வீட்டில் பெரியவர்கள் கூட்டிக்கொண்டு போகாத இடத்துக்குப் பிள்ளைகளும் போவதில்லை.

ஒரே நாளில எல்லாத்தையும் சுத்தி முடிக்கேலாதோ?

ஏலாது. ஓடி ஓடிப் பார்த்தால் வாகனத்துக்கு எண்ணெய் செலவாகும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே புல்மோட்டை வீதி. வடமேற்கே கன்னியா வழியாக அனுராதபுரம் போகும் வீதி. தென்மேற்கே தம்பலகாமம், கந்தளாய் வீதி. தெற்கே சீனன்குடாவில் பிரிந்து கிண்ணியா, மூதூர், வெருகல் என்று மட்டக்களப்புக்குப் போகும் வீதி. இந்த நான்கில் மிகக் குறைவாகப் பார்க்கப்படுவதும், என் கணக்கில் மிகச் சிறந்ததும் நாலாவதுதான்.

எந்த மாசம் நல்லம்?

கடலுக்கு என்றால் சித்திரை முதல் புரட்டாதி வரை. ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை, தை வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும், குளிக்க இறங்கக் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும்.

தெரியாதது மற்றப் பாதி. மழை முடிந்த தை, மாசியில் கடற்கரையை விட்டுவிட்டு உள்ளே போங்கள். குளங்கள் நிறைந்திருக்கும், தம்பலகாமத்தில் வயல் கண்ணுக்கெட்டும் தூரம் பச்சையாக நிற்கும், வெயிலும் அடிக்காது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மலை ஏறும் இடங்களை விடியவே முடித்துவிடுங்கள். அந்த வெக்கைக்கு ஒரு நன்மையும் உண்டு: காட்டோர வீதிகளில் பாலைப்பழமும் வீரைப்பழமும் அப்போதுதான் விற்பனைக்கு வரும். பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்டால் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசினால் போதும்.

டவுனுக்குள்ளயே நாங்கள் கவனிக்காத இடம் ஏதும் இருக்கோ?

கோட்டை வாசலுக்குப் போகிற வழியில், எஸ்பிளனேட் பக்கம் இருக்கும் பழைய கிறிஸ்தவ மயானத்தை எத்தனை தரம் கடந்திருப்பீர்கள்? அதற்குள் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஆஸ்டினின் கல்லறை இருக்கிறது. கடற்படைத் தளபதியாக இருந்தவர், 1852இல் பர்மாவில் கொலரா (வாந்திபேதி) கண்டு இறந்தபின் இங்கே அடக்கம் செய்தார்கள். அதைத் தேடி வெள்ளைக்காரர் வருகிறார்கள், பக்கத்தில் மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் எங்கள் பையன்களுக்குத் தெரியாது.

டொக்யார்ட் வீதியில் ஒல்லாந்தர் கால மாளிகையொன்றைத் திருத்திக் கடற்படை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஒரு மணித்தியாலம் போதும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நிலாவெளி வீதியில் ஆறாம் கட்டைப் பக்கம் இரண்டாம் உலகப் போர் மயானம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்ட கதை வீட்டில் பாட்டா சொல்லக் கேட்டிருந்தால், அந்தக் கல்லறைகளில் வயதை வாசித்துப் பாருங்கள். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. ஒஸ்ரன்பேர்க் கோட்டையும் ஹூட்ஸ் டவரும் கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.

கோணேசர் கோயிலுக்கே போனாலும், கும்பிட்டுவிட்டு வந்துவிடாமல் இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் விக்கிரகங்கள் சில 1950இல் டவுனில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. 1956இல் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரின் கூட்டாளி மைக் வில்சனும் கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் கடலுக்குள் இறங்கிக் கோயில் தூண்களைக் கண்டார்கள். 1963இல் திரும்பக் கட்டிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம். இத்தனையும் நடந்து இன்னும் நூறு வருடமாகவில்லை.

நவராத்திரிக்கு ஊரில் நின்றால் கும்ப விழாவைத் தவற விடாதீர்கள். கும்பத்தைத் தலையில் வைத்து இரவிரவாக ஆடி வருவது எங்கள் ஊருக்கே உரிய கொண்டாட்டம். கொலு பார்த்துச் சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

இன்னொன்று: கோட்டையில் திரியும் மான்களுக்குப் பிஸ்கட் பையோடு எதையும் நீட்ட வேண்டாம். அவை பொலித்தீனையும் சேர்த்துத்தான் விழுங்குகின்றன.

வடக்குப் பக்கம் நிலாவெளியோட நிப்பாட்டிடுவம். அங்கால என்ன இருக்கு?

நிலாவெளியும் புறாத்தீவும் எல்லாருக்கும் தெரிந்ததால் விட்டுவிடுகிறேன். இறக்கக்கண்டிப் பாலம் தாண்டினாலே சனம் குறையும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, இடையிடையே உப்பளம். வெயில் காலத்தில் உப்புக் குவியல்கள் வீதியில் இருந்தே தெரியும். குச்சவெளியில் கடலோரப் பாறையில் பழைய சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் அந்தப் பாறையில் நின்று கடலைப் பார்ப்பதற்கே போகலாம்.

அதற்கு அப்பால் திரியாய். டவுனில் இருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர். மலையுச்சியில் வட்டமாகக் கல்தூண்கள் சூழ்ந்த பழைய தாதுகோபம், கீழே பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டிய 8ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. அதில் திரபுசகர், வல்லிகர் என்ற வணிகர் குழுக்களின் பெயர் வருகிறது. கடல்வழி வியாபாரிகள் இங்கே ஒரு கோயிலைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால், அந்தப் படிகளில் ஏறுவதற்கே ஒரு வேகம் வரும். மேலே செருப்பைக் கழற்ற வேண்டும், ஒன்பது மணிக்குப் பிறகு கல் கொதிக்கும். அதனால் வடக்கு வீதிக்குப் போகும் நாளில் முதலில் நேரே திரியாய்க்குப் போய்விட்டு, திரும்பி வரும்போது மற்றவற்றைப் பாருங்கள். எல்லாரும் மறுவளமாகச் செய்துவிட்டு உச்சிவெயிலில் மலையடியில் நின்று யோசிக்கிறார்கள்.

இன்னும் போனால் புல்மோட்டைக்குக் கிட்ட அரிசிமலை. கடற்கரையில் மணலுக்குப் பதில் அரிசி அளவில் சின்னச் சின்னக் கல். காலுக்குக் கூசும், பார்க்க அழகு. கல்லைப் போத்தலில் அள்ளிக்கொண்டு வர வேண்டாம். புல்மோட்டையில் கறுப்பு மணல், இல்மனைற், ரூட்டைல், சிர்கோன் எல்லாம் கலந்த கனிய மணல். வேலை நடக்கும் பகுதிக்குள் விடமாட்டார்கள், ஆனால் அந்தக் கரையின் கருமையை வெளியில் இருந்தே பார்க்கலாம். புல்மோட்டைச் சந்தியில் மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். களப்பு நண்டு கிடைத்த நாள் என்றால் வேறெதையும் கேட்க வேண்டாம்.

கன்னியாவுக்குப் பள்ளிக்கூடக் காலத்தில போனது. திரும்பப் போறதில பிரயோசனம் இருக்கோ?

கன்னியாவுக்கு மட்டும் என்றால், ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் ஒவ்வொன்றாக வாளியால் அள்ளி ஊற்றிப் பார்த்துச் சூடு வித்தியாசத்தைச் சொல்லும் வயதில் பிள்ளைகள் இருந்தால் போங்கள். இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்ற ஐதீகத்தால், முப்பத்தோராம் நாள் கடமைகளுக்கு ஊரவர்கள் வரும் இடமாகவும் அது இருந்து வந்தது. எட்டுக் கிலோமீட்டர்தான்.

ஆனால் அதே வீதியில் இன்னும் கொஞ்சம் போய்ப் பெரியகுளம் பக்கம் திரும்பினால் வெல்கம் விகாரை இருக்கிறது. ஊர்ப் பழசுகள் நாதனார் கோயில் என்பார்கள். சோழர் காலத்தில் இதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். இங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள், புத்தர் கோயிலுக்கு விளக்கெரிக்கத் தமிழர் பசுக்கள் கொடுத்த செய்தியைச் சொல்கின்றன. இலங்கையில் தமிழ்ப் பௌத்தர்கள் இருந்ததற்கு இவ்வளவு தெளிவான சாட்சி வேறு இடத்தில் பார்ப்பது கஷ்டம். செங்கல் அத்திவாரங்களும் நின்ற நிலைப் புத்தரும், சுற்றிக் காடும். அநேகமான நாட்களில் உங்களைத் தவிர வேறு ஆள் இருக்காது. இதற்கு மேல் ஹொரவப்பொத்தானைப் பக்கம் போகிறவர்கள் இருட்டுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும், யானை வீதிக்கு வரும்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் சாப்பிட மட்டும்தானே போறது?

சாப்பிடப் போனாலே நல்லதுதான், அதற்கே பலர் போவதில்லை. ஆனால் அந்த வீதியை ஒரு முழு நாளாக வைத்துப் போனால்தான் அதன் அருமை தெரியும்.

சீனன்குடாவில் பிரியும்போது காட்டுக்குள் பெரிய பெரிய எண்ணெய்த் தாங்கிகள் தெரியும், ஆங்கிலேயர் காலத்தவை. உள்ளே போக முடியாது. அடுத்து மார்பிள் பீச், விமானப்படை நடத்துகிறது, நுழைவுக் கட்டணம் உண்டு. குடாவுக்குள் இருப்பதால் அலை குறைவு. அதன்பிறகு கிண்ணியாப் பாலம், 396 மீற்றர். திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம். வாகனத்தில் ஒரு நிமிடத்தில் கடந்துவிடாமல் பின்னேரம் இறங்கி நடந்து பாருங்கள். ஒரு பக்கம் தம்பலகாமக் குடா. தட்டையான மெல்லிய சிப்பியில் முத்து எடுப்பதற்காக அந்தக் குடாவை ஆங்கிலேயர் காலத்தில் குத்தகைக்கு விட்டார்கள்.

கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் இடையில் கடக்கும் ஆறுகள் சும்மா ஆறுகளல்ல. கண்டி மலைநாட்டில் தொடங்கி 335 கிலோமீட்டர் ஓடி வரும் மகாவலி இங்கேதான் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. நாட்டின் மிக நீளமான நதி எங்கள் மாவட்டத்தில் முடிகிறது என்பதைப் புவியியல் பரீட்சைக்குப் பாடமாக்கியவர்கள்கூட கங்கைப் பாலத்தில் வாகனத்தை நிறுத்திப் பார்த்ததில்லை.

மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்று விசாரியுங்கள். ரொபட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி, பாய்மரம் முறிந்த கப்பலைத் திருத்தக் கொட்டியாரத்தில் வந்து இறங்கியபோது 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். தப்பி ஓட 19 வருடம் பிடித்தது. பிடிபட்ட இடத்தில் நின்ற புளியமரம் 1964 சூறாவளியில் போய்விட்டது, நினைவுக்கல் இருக்கிறது. பெரிதாக எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், ஒரு கல், அவ்வளவே. கதையைத் தெரிந்துகொண்டு போனால் அந்தக் கல் போதும்.

அதற்கப்பால் பௌத்தர்களின் முக்கிய யாத்திரைத் தலமான சேருவில விகாரைக்கு ஒரு கிளை. நேரே தெற்கே போனால் மாவட்டத்தின் கடைசியில் வெருகல் சித்திர வேலாயுத சுவாமி கோயில். ஆற்றங்கரை, மருதமர நிழல், கதிர்காமத்துக்கு வடக்கிலிருந்து நடந்து போகும் அடியார்கள் தங்கிச் செல்லும் இடம். மதில் கட்டிக் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லும் பழைய தமிழ்க் கல்வெட்டும் உண்டு. ஆவணி மாதத் திருவிழாவுக்குப் போனால் சனத்துக்குள் கோயிலைப் பார்க்க முடியாது. சும்மா ஒரு புதன்கிழமை போங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவம். கூகுளில தேடினா வெளிநாட்டுக்காரர் போற கடைதான் வருது. நல்ல கடையை எப்படிப் பிடிக்கிறது?

கூகுளில் வருவது உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைக் கடைகள். அவை மோசமில்லை, ஆனால் காரம் குறைத்துச் சமைத்துப் பழகியவை. எங்கள் நாக்குக்கு அது நோயாளிச் சாப்பாடு. நீங்கள் தேட வேண்டியது வேலைக்குப் போகிறவர்கள் சாப்பிடும் இடம். விடிய ஆறு மணிக்கு மீன் ஏலம் முடிந்து வருகிறவர்கள் எங்கே தேத்தண்ணி குடிக்கிறார்கள், மத்தியானம் பஸ் சாரதிகளும் நடத்துநர்களும் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் தினமும் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள், கூடாத கடைக்கு இரண்டாம் நாள் போகமாட்டார்கள்.

நேரம்தான் பாதி விசயம். பிட்டும் இடியப்பமும் சொதியும் விடிய ஏழரைக்குள். மத்தியானச் சோறு பன்னிரண்டரைக்குப் போனால் மீன் கறி, சுறா வறை, கணவாய் எல்லாம் இருக்கும். இரண்டு மணிக்குப் போனால் பருப்பும் கோழியும்தான் மிச்சம், பிறகு கடையைக் குறை சொல்லி என்ன செய்வது. பின்னேரம் டச்சுக் குடாக் கடற்கரையில் இறால் வடை வண்டிகள் வரும். எண்ணெயிலிருந்து எடுத்த உடனே சாப்பிடுங்கள், பார்சல் கட்டினால் அது வேறு சாமான். கொத்து ரொட்டி ஏழு மணிக்கு மேல்.

ஊருக்கு ஊர் கேட்க வேண்டியதும் வேறு. கிண்ணியாவில் மாட்டிறைச்சியும் சோறும், பிறகு வட்டிலப்பம். மூதூர்ப் பக்கம் எருமைத் தயிர், சட்டியோடு வாங்கலாம், சட்டியைச் சரித்தாலும் தயிர் அசையக் கூடாது. பாணியோடு சாப்பிடுங்கள். கந்தளாயில் குளத்து மீன் பொரியல், ஹபரணைப் பக்கம் போகும் வீதியோரம் அவித்த சோளம். கடலோரத்தில் வளர்ந்த பலருக்குக் குளத்து மீனில் ஒரு இளக்காரம் இருக்கிறது. சூடாகப் பொரித்து எலுமிச்சம்புளி பிழிந்து தந்தால் அது போய்விடும்.

கடையின் பெயர் போடாததற்குக் காரணம் இதுதான்: இங்கே கடை மாறாது, சமைக்கிற ஆள் மாறுவார். பெயர்ப் பலகை அப்படியே இருக்கும், கறி வேறாகிவிடும். போன வருடம் நல்லது என்று நான் சொன்னதை நம்பி நீங்கள் போய் ஏமாறுவதை விட, எப்படித் தேடுவது என்று தெரிந்தால் எந்த வருடமும் பிழைக்கலாம்.

நாங்கள் சைவம். இப்பிடிச் சுத்தினா பட்டினிதான் கிடக்கிறதோ?

டவுனில் பிரச்சினையில்லை, சைவக் கடைகள் இருக்கின்றன, வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் அதிகம். வெளியே கிளம்பினால் காலைச் சாப்பாட்டை டவுனில் முடித்து, மத்தியானத்துக்கு ஒரு பார்சலும் கட்டிக்கொள்ளுங்கள். மரக்கறிச் சோறு என்று கேட்டால் வெளியூர்க் கடைகளிலும் தருவார்கள், ஆனால் மச்சம் எடுத்த கரண்டிதான் மரக்கறிக்கும் போகும். அது பரவாயில்லை என்றால் சாப்பிடலாம். தம்பலகாமம் ஆதிகோணநாயகர் கோயில் திருவிழாக் காலத்தில் போனால் அன்னதானம் கிடைக்கும். போர்த்துக்கேயர் காலத்தில் கோணேசர் கோயிலிலிருந்து காப்பாற்றிக் கொண்டுபோன விக்கிரகங்களுக்காக எழுந்த கோயில் அது, சாப்பாட்டுக்கு முன் உள்ளே போய்க் கும்பிடுங்கள்.

நோன்பு, போயா, வெள்ளிக்கிழமை எண்டு பார்த்துப் போகோணுமோ?

கட்டாயம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டையில் கடைகள் மூடியிருக்கும். மேலே சொன்ன பன்னிரண்டரைக் கணக்கு அன்றைக்குச் சரிவராது. நோன்பு மாதத்தில் பகலில் அங்கே சாப்பாடு தேட வேண்டாம். ஆனால் அதே மாதத்தில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு போனால் வருடத்தில் வேறு எந்த நாளிலும் காணாத பலகாரம் கடைவாசலில் நிறையும். நோன்புக் கஞ்சியைக் குடித்துப் பார்க்காத தமிழர் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள் என்றால் எனக்கு நம்ப முடியவில்லை.

போயா என்னும் பௌர்ணமி நாளில் சேருவில, திரியாய் இரண்டிலும் யாத்திரைக்காரர் நிறைவார்கள், இறைச்சிக் கடையும் பூட்டு. அமைதியாகப் பார்க்க விரும்பினால் வேறு நாள்.

எங்களிட்ட வாகனம் இல்லை. பஸ்ஸில ஏலுமோ?

வடக்கு வீதிக்குப் புல்மோட்டை பஸ், தெற்கே மூதூர், மட்டக்களப்பு பஸ், தென்மேற்கே கந்தளாய் வழியாகப் போகும் எல்லா பஸ்ஸும். பிரதான வீதி வரை பிரச்சினையில்லை. வீதியிலிருந்து உள்ளே இருக்கும் திரியாய் மலை, வெல்கம் விகாரை போன்றவற்றுக்குச் சந்தியில் ஓட்டோ பிடிக்க வேண்டும். போகவும் வரவும் சேர்த்து, அங்கே நிற்கும் நேரத்தையும் சொல்லி விலை பேசிவிட்டு ஏறுங்கள். திரும்பி வர அங்கே ஓட்டோ கிடைக்காது.

சீனன்குடா, தம்பலகாமம், கந்தளாய் மூன்றுமே ரயில் பாதையில் இருக்கின்றன. ஆசைக்கு ஒரு முறை போகலாம், நேரம் ஒத்து வருவது அருமை.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், சின்னப் பிள்ளையளும் இருக்கினம். எங்க கூட்டிக்கொண்டு போறது?

திரியாய் வேண்டாம், படி அதிகம். கந்தளாய்க் குளக்கட்டு நல்லது, வாகனத்தில் கிட்டவே போகலாம், காற்று நன்றாக வரும். இந்தக் குளத்தைக் கட்டினதாகச் சொல்லும் குளக்கோட்டன் மன்னனின் கதை அம்மாவுக்கே தெரிந்திருக்கும். 1986 ஏப்ரல் 20 அதிகாலை அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்ததும் அவருக்கு ஞாபகம் இருக்கலாம். கதைக்க விடுங்கள். வரும் வழியில் தம்பலகாமம். பிள்ளைகள் கடலில் விளையாடத்தான் வேண்டுமென்றால் மேலே சொன்ன மார்பிள் பீச்.

நாங்கள் நாலு பொம்பிளைப் பிள்ளையள். தனியப் போகலாமோ?

போகலாம், போகிறார்கள். வெருகல், கந்தளாய், தம்பலகாமம் பகலில் ஒரு பிரச்சினையும் இல்லை. வெல்கம் விகாரையும் அரிசிமலையும் ஆளரவம் குறைந்த இடங்கள், அங்கே தெரிந்த ஓட்டோக்காரரோடு காலையில் போய் வருவது நல்லது. எங்கே சாப்பிடுவது என்ற தயக்கமும் சிலருக்கு உண்டு, ஆம்பிளைகள் மட்டும் நிறைந்த தேத்தண்ணிக் கடைக்குள் நுழையப் பிடிப்பதில்லை. பெரும்பாலான ஊர்க் கடைகளில் உள்ளே குடும்பங்களுக்கென்று ஒரு பகுதி இருக்கும், கேட்டால் காட்டுவார்கள்.

விகாரை, தொல்பொருள் இடங்களுக்குப் போனா 'இது ஆரின்ர இடம்' எண்ட பிரச்சினை வராதோ?

இந்தக் கேள்வியைக் குரலைத் தாழ்த்தித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். கன்னியா, திரியாய் இரண்டையும் சுற்றி, தமிழருடையதா சிங்களவருடையதா என்று இருக்கும் இழுபறி எல்லாருக்கும் தெரிந்தது. அறிவிப்புப் பலகைகள் சொல்லும் கதையும் உங்கள் வீட்டில் கேட்ட கதையும் ஒன்றாக இருக்காது. அதற்காகப் போகாமல் விடுவதை நான் ஏற்கமாட்டேன். நாங்கள் போகாத இடத்தைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போகும், பிறகு கதைக்க என்ன உரிமை மிஞ்சும்? வெல்கம் விகாரைக் கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன என்பதை அங்கே போய் நின்று அறிந்த பிள்ளைக்கும், யாரோ எழுதிய பதிவில் வாசித்த பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு.

நடைமுறையில், வணக்கத்துக்குரிய இடம் எதுவாக இருந்தாலும் முழங்காலும் தோளும் மூடிய உடுப்பு, செருப்பும் தொப்பியும் வெளியே. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது, அதுதான் உண்மையில் பிரச்சினையாகும். காவலாளியோடு வரலாறு விவாதிக்க வேண்டாம். பலகையில் பிழை கண்டால் படம் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் வந்து தேடுங்கள்.

நல்ல இடம் ஒண்டைக் கண்டுபிடிச்சா பேஸ்புக்கில போடலாமோ? போட்டா பழுதாக்கிப் போடுவாங்கள் எண்டும் பயமா இருக்கு.

இடத்துக்கும் கடைக்கும் பதில் வேறு. கடை என்றால் போடுங்கள். ஆனால் முதலில் கடைக்காரரிடம் கேளுங்கள். வீட்டு முற்றத்தில் நாற்பது பேருக்குச் சமைக்கும் அக்கா ஒருவரின் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர் வந்தால், வழக்கமாகச் சாப்பிடும் ஆட்களுக்குச் சோறு இல்லாமல் போகும். சிலர் வேண்டாம் என்றே சொல்வார்கள்.

கடற்கரை, களப்பு, காடு என்றால் நான் பொதுவில் போடுவதில்லை. தெரிந்தவர்கள் கேட்டால் வழி சொல்வேன். அரிசிமலையிலேயே இப்போது போத்தலும் சோற்றுப் பார்சல் தாளும் கிடக்கின்றன. எடுத்த படத்தில் பின்னால் குப்பை தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கனடாவில இருந்து சித்தப்பா குடும்பம் வருது. ரெண்டே ரெண்டு நாள். எதைக் காட்டுறது?

அவர்களிடம் கேட்டால் கோணேசர் கோயிலும் நிலாவெளியும் என்பார்கள். முதல் நாள் விடியக் கோயில், பக்கத்து மயானம், மத்தியானம் வீட்டுச் சாப்பாடு, பின்னேரம் டச்சுக் குடாவும் இறால் வடையும். நிலாவெளியில் தங்கப் போகிறார்கள் என்றால் கடலை அவர்கள் எப்படியும் பார்த்துவிடுவார்கள், அதற்கு ஒரு நாளைச் செலவழிக்க வேண்டாம்.

இரண்டாம் நாள் தெற்கு வீதி. ஏழு மணிக்கு வெளிக்கிட்டு நேரே வெருகல், திரும்பும் வழியில் மூதூரில் தயிர், கிண்ணியாவில் மத்தியானச் சோறு. வெள்ளிக்கிழமையாக மட்டும் இருக்கக் கூடாது. லாஞ்சில் மூதூருக்குப் போன தலைமுறை என்றால், சித்தப்பா பாலங்களை எண்ணிக்கொண்டே வருவார். வெயிலுக்குத் தொப்பியும் குடிக்கத் தண்ணியும் வாகனத்தில் வையுங்கள்; தயிர்ச் சட்டி வைக்க ஒரு பழைய துவாயும் கொண்டுபோங்கள், இல்லையென்றால் சீனன்குடா வருவதற்குள் காலடியில் ஊற்றிவிடும்.